மாடி எடுக்கும் முன் கடைக்காலைத் தோண்டிப் பாருங்கள்

ஊட்டி காந்தலில் வீட்டைப் பக்கவாட்டில் நீட்ட இனி இடமில்லை. முக்கோணத்தைச் சுற்றியுள்ள சந்துகளிலும் குருசடிப் பக்கத்துச் சரிவுகளிலும் பல வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்றாக நிற்கின்றன. மகனுக்குக் கல்யாணம், மகள் பிரசவத்துக்கு வருகிறாள், அம்மாவுக்குத் தனி அறை வேண்டும் என்று தேவை வரும்போது எல்லார் கண்ணும் மேலேதான் போகிறது. நியாயமான தேவைதான். ஆனால் பெரும்பாலானோர் முதலில் வரைபடம் போடுகிறார்கள், பிறகு மேஸ்திரியிடம் விலை பேசுகிறார்கள், கடைசியில்தான் கீழே என்ன இருக்கிறது என்று யோசிக்கிறார்கள். மலையில் இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

முதலில் எடையைக் கணக்கிடுங்கள். 25 அடிக்கு 20 அடி, அதாவது 500 சதுர அடி வீடு என்று வைத்துக்கொள்வோம். மேல் மாடிக்கு ஐந்து அங்குலக் கான்கிரீட் கூரை போட்டால் அது மட்டும் சுமார் 14 டன். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பத்தடி உயரத்துக்குப் பூச்சோடு ஓடும் அடிக்கு ஏறத்தாழ 400 கிலோ. கதவு, ஜன்னலைக் கழித்தாலும் வெளிச்சுவர்கள் 30 டன்னுக்குக் குறையாது. தரை ஓடு, பீரோ, தண்ணீர்த் தொட்டி, மனிதர்கள் எல்லாம் சேர்ந்தால் மொத்தம் 50 டன்னைத் தாண்டும். இன்று நிற்கும் கடைக்கால் இத்தனையையும் தாங்குமா என்பதுதான் கேள்வி.

அதற்குப் பதில் மண்ணுக்கடியில் இருக்கிறது. வீட்டின் மூலை ஒன்றிலும், சரிவை ஒட்டிய பக்கத்தில் இன்னொன்றிலுமாகக் குறைந்தது இரண்டு இடங்களில், கடைக்காலின் அடிமட்டம் தெரியும்வரை சிறு குழி எடுக்கச் சொல்லுங்கள். கட்டுமானப் பொறியாளர் உடன் இருக்கும்போது எடுப்பது நல்லது. கடைக்கால் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், கல் எந்தச் சாந்தில் வைக்கப்பட்டிருக்கிறது, அடியில் இருப்பது கெட்டியான இயற்கை மண்ணா, எப்போதோ கொட்டி நிரப்பிய மண்ணா என்று அவர் பார்ப்பார். சரிவில் சமதளம் உண்டாக்க மேல்பக்கம் வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் நிரப்புவது மலையில் வழக்கம். அதனால் ஒரே வீட்டின் பின்பாதி கெட்டி மண்ணிலும் முன்பாதி நிரப்பிய மண்ணிலும் நிற்கக்கூடும். ஒற்றைத் தளமாக இருந்தவரை தெரியாத இந்த வேறுபாடு, மேலே பாரம் ஏறியதும் சுவரில் சாய்வான விரிசலாக வெளியே வரும்.

அடுத்து சுவர். பழைய ஓட்டு வீடுகளிலும் தகர வீடுகளிலும் செம்மண் சாந்தில் கட்டிய சுவர்கள் இன்னும் இருக்கின்றன. பூச்சைக் கொஞ்சம் உடைத்து, இணைப்பைத் திருப்புளியால் கீறிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் அந்தச் சுவர்மேல் கான்கிரீட் மாடி வேண்டவே வேண்டாம். இங்கே இன்னோர் ஆபத்தும் உண்டு: ஓட்டைப் பிரித்தபின் மழை பிடித்துக்கொண்டால் மண் சாந்துச் சுவர் தண்ணீரைக் குடித்து வலுவிழக்கும். கூரையைப் பிரிக்கும் அன்றே தார்ப்பாயும் சாரமும் தயாராக இருக்க வேண்டும்.

கான்கிரீட் வீட்டுக்காரர்கள் பலர் ஒரு நம்பிக்கையோடு இருக்கிறார்கள்: "பின்னாளில் மாடி எடுக்கலாம் என்றுதானே பில்லர் கம்பியை மேலே விட்டு வைத்திருக்கிறோம்!" அந்தக் கம்பியைப் பாருங்கள். ஆண்டுக்கணக்காக மூடுபனியிலும் மழையிலும் நின்று துருவேறி மெலிந்திருக்கும். புதுக் கம்பியைப் பழையதோடு இணைக்க, கம்பியின் தடிமனைப் போல் ஏறக்குறைய 50 மடங்கு நீளம் ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு அது இரண்டடி. ஓரடிக் கம்பி நீட்டிக்கொண்டிருப்பதால் ஒரு பயனும் இல்லை. தவிர, பில்லர் இருப்பதாலேயே அது மாடிக்காகக் கணக்கிடப்பட்டது என்று ஆகிவிடாது. பில்லரின் அளவு, உள்ளே ஓடும் கம்பி, கான்கிரீட்டின் உறுதி ஆகியவற்றை உடைக்காமலே சோதிக்கும் கருவிகள் கோயம்புத்தூர்ப் பரிசோதனைக் கூடங்களில் உண்டு. கட்டடச் செலவோடு ஒப்பிட்டால் அந்தக் கட்டணம் பெரிதல்ல.

சோதனையின் முடிவு பாதகமாக வந்தால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம். பில்லர்களைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டிக் கான்கிரீட் உறை போடலாம். பழைய சுவரைத் தொடாமல் புதிய பில்லர்களை எழுப்பி மாடியை அவற்றின்மேல் தனியாக நிறுத்தலாம். என் விருப்பம் மூன்றாவது வழி: பாரத்தைக் குறைப்பது. செங்கல்லுக்குப் பதில் ஏஏசி என்னும் எடை குறைந்த ஆறு அங்குலக் கல் வைத்தால் சுவர் எடை மூன்றில் ஒரு பங்காகும். கான்கிரீட் கூரைக்குப் பதில் இரும்புச் சட்டமும் தகர ஷீட்டும் போட்டால் 14 டன் இரண்டு டன்னுக்குள் வந்துவிடும். ஊட்டிக் குளிரில் வெறும் ஷீட்டின் அடிப்புறம் வியர்த்துச் சொட்டும் என்பதால் இடையில் வெப்பம் கடத்தாத அடுக்கும் கீழே மரச் சீலிங்கும் தேவை. காற்றில் பெயராதபடி கூரையைச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டவும் வேண்டும்.

நிலநடுக்கத்தையும் மறக்க வேண்டாம். 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர் வட்டாரத்தை உலுக்கிய நடுக்கம் தென்னிந்தியாவின் பெரிய நடுக்கங்களில் ஒன்று. நிலநடுக்க அபாய வகைப்பாட்டில் நீலகிரி மூன்றாம் மண்டலத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் கதவு, ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தில் வீட்டைச் சுற்றிலும் அறுபடாமல் ஓடும் பெல்ட் பீமைச் செலவு மிச்சம் என்று விட்டுவிடக் கூடாது.

சமவெளியில் மாடி எடுப்பவருக்கு இல்லாத கவலை ஒன்று நமக்கு உண்டு. இங்கே உங்கள் வீடு மட்டும் பாரம் சுமக்கவில்லை, சரிவும் சுமக்கிறது. உங்கள் தரைக்குக் கீழே இருக்கும் தடுப்புச் சுவர்தான் கீழ்வீட்டாரின் சமையலறைப் பின்சுவருக்கு எதிரே நிற்கிறது. மேலே ஏறும் 50 டன்னில் ஒரு பகுதி அந்தச் சுவரைப் பக்கவாட்டில் தள்ளும். சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா, நீர் வெளியேறும் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். துளை அடைபட்டால் மழைக்காலத்தில் மண்ணோடு தண்ணீரும் சேர்ந்து அழுத்தும்.

தண்ணீர்தான் இந்த மலையின் பெரிய எதிரி. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த நாட்களின் மண்சரிவுகளில் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேல் மாடியில் புதுக் குளியலறை வந்தால் சரிவுக்குள் இறங்கும் கழிவுநீரும் கூடும். பழைய செப்டிக் டேங்கும் உறிஞ்சுகுழியும் அதற்குப் போதுமா என்று கேளுங்கள். கூரைத் தண்ணீரைக் குழாய் வழியாக வடிகால்வரை கொண்டுபோய் விடுங்கள். மண்ணில் கொட்ட விடாதீர்கள்.

புது பில்லருக்காகக் குழி தோண்டும்போது இன்னும் கவனம் வேண்டும். 2024 பிப்ரவரி 7 அன்று ஊட்டியை அடுத்த லவ்டேல் காந்தி நகரில், தனியார் வீடொன்றின் தடுப்புச் சுவருக்காக மண் எடுத்துக்கொண்டிருந்தபோது மேலே இருந்த பழைய கழிப்பறைக் கட்டடம் சரிந்து ஆறு பெண் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். மழைக்காலம் முடிந்த மாதம் அது. ஒரே நேரத்தில் நீளமாகத் தோண்டாமல், ஒரு குழியை எடுத்து, கான்கிரீட் போட்டு மூடியபின் அடுத்ததைத் தொடுவதே முறை. குழிக்குள் ஆள் இறங்கும் முன் பக்கங்களுக்குப் பலகையும் முட்டும் கொடுத்தாக வேண்டும். எத்தனை அவசரமானாலும் இதில் ஒப்பந்தக்காரரிடம் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அனுமதி நகராட்சியில் வாங்க வேண்டும். நீலகிரியில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர், அதாவது சுமார் 23 அடி என்ற வரம்பு உண்டு. ஒன்றரை அடி அடித்தளம், இரண்டு தளங்களுக்கும் பத்துப் பத்து அடி, கான்கிரீட் கனம் என்று கூட்டினாலே வரம்பை நெருங்கிவிடும். அதன்மேல் கூம்புக் கூரை வைத்தால் தாண்டிவிடும். சரிவில் உயரத்தை எங்கிருந்து அளப்பார்கள், கூரை உச்சி கணக்கில் வருமா என்பதை உரிமம் பெற்ற பொறியாளர் வழியாக முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மண் வெட்டப் பொக்லைன் தேவையென்றால் அதற்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தனி.

வேலை தொடங்கப் பிப்ரவரி நடு நல்லது. உறைபனி விலகியிருக்கும், ஜூன் மழைக்குள் கூரையேற்றிவிடலாம். ஆனால் ஏப்ரல், மே சீசன் நெரிசலில் லாரி மேலே வருவது கடினம் என்பதால் செங்கல், மணல், கம்பியை மார்ச்சுக்குள் இறக்கிக்கொள்ளுங்கள். கான்கிரீட் போட்டபின் சென்ட்ரிங் முட்டு பிரிக்கும் கணக்கிலும் ஊட்டிக்கு வேறு நிதானம் வேண்டும். 15 அடி அகலம்வரையிலான கூரைக்கு ஏழு நாள், அதற்கு மேல் 14 நாள் என்று இந்தியத் தர விதி சொல்வது, வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்காத இடங்களுக்கு. நம் ஊர் இரவுகள் பெரும்பாலும் அதற்குக் கீழேதான். குளிரில் சிமென்ட் இறுகுவது மெதுவாகும். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் சென்ட்ரிங் குழு தங்கள் ஊர்க் கணக்கில் பிரிக்கப் பார்த்தால் தடுங்கள். எத்தனை நாள் என்பதைப் பொறியாளர் எழுதித் தரட்டும்.

முதல் லோடு வந்து இறங்கும் முன் கீழ்வீட்டாரையும் பக்கத்து வீட்டாரையும் பார்த்துப் பேசுங்கள். அவர்கள் சுவரிலும் உங்கள் சுவரிலும் ஏற்கெனவே உள்ள விரிசல்களைத் தேதியோடு படமெடுத்து ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய விரிசல்களின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைச் சிமென்டால் ஒட்டிவிடுங்கள். வேலை நடக்கும்போது அது உடைந்தால் சுவர் அசைகிறது என்று பொருள். அன்றே வேலையை நிறுத்திப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.