தண்ணீருக்குள் ஓடிய வேன்... தனுஷ்கோடி மணல் பாதை நினைவிருக்கிறதா?

2017-க்கு முன்பு தனுஷ்கோடி போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கடலைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே அந்த வேன் பயணத்தைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்!

ராமேஸ்வரத்திலிருந்து வரும் தார்ச்சாலை முகுந்தராயர் சத்திரத்தோடு முடிந்துவிடும். அங்கிருந்து பழைய வேனிலோ ஜீப்பிலோ ஏற வேண்டும். ஆள் நிறைந்தால்தான் வண்டி கிளம்பும். ஒரு பக்கம் அமைதியான பாக் நீரிணை. ஊர்க்காரர்களுக்கு அது 'பெண் கடல்'. மறுபக்கம் அலை அறையும் மன்னார் வளைகுடா, 'ஆண் கடல்'. நடுவே மணலும் சேறும், தேங்கி நிற்கும் கடல் நீரும்தான் பாதை. வண்டி தண்ணீருக்குள் இறங்கும்போது குழந்தைகள் கூச்சல் போடுவார்கள். பெரியவர்கள் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள்.

நமக்குச் சாகசமாகத் தெரிந்தது, ஓட்டுநர்களுக்கு அன்றாட வேலை. காய்ந்த மணல் சக்கரத்தை விழுங்கும், ஈர மணல் தாங்கும். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால், அது அகலமாகப் படிந்து புதையாமல் ஓடும். தண்ணீரில் இறங்கிவிட்டால் நடுவில் நிறுத்தக் கூடாது. முன்னால் போன வண்டியின் தடத்தை விட்டு விலகவும் கூடாது. உப்புப் பூத்துக் காய்ந்திருக்கும் தரைக்கு அடியில் சேறு காத்திருக்கும்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி வீசிய புயல், ரயிலையும் ஊரையும் சேர்த்து அழித்தது. அதன்பிறகு 50 ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்த மீனவக் குடும்பங்களுக்கு இந்த மணல்தான் வழி. பிடித்த மீனைக் கொண்டுபோகவும், உடம்புக்கு முடியாதவரைத் தூக்கிப்போகவும் வேறு பாதை கிடையாது. 2017 ஜூலை 27 அன்று அரிச்சல்முனை வரை சுமார் 9.5 கிலோமீட்டர் சாலை திறக்கப்பட்டது. அவர்களுக்கு அது பெரிய நிம்மதி. வேன்களின் ஓட்டம் அதோடு முடிந்தது.

ஆனால், பழைய ஆசை சிலரை விடவில்லை. சாலையோரம் சொந்த காரை மணலில் இறக்கிப் பார்க்கிறார்கள். சிக்கிக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் சக்கரம் இன்னும் ஆழமாகத்தான் போகும். உப்பு நீர் பட்ட அடிப்பாகம் சீக்கிரமே துருப்பிடிக்கும்.

காருக்கு நேரும் சேதம் நம்மோடு போய்விடும். மண்ணுக்கு நேர்வது அப்படியல்ல. அங்கே ஊசி ஊசியாக உருண்டு கிடக்கும் 'இராவணன் மீசை' புல்லும், ஊதாப்பூ பூக்கும் அடம்பங்கொடியும்தான் மணல்மேடுகளைப் பிடித்து நிறுத்துகின்றன. சக்கரம் ஏறினால் அவை நசுங்கும். பிடிமானம் போன மணலைக் காற்று அள்ளிக்கொண்டு போகும். ஆழமில்லாத நீர்ப்பரப்பிலோ பூநாரைகள் இரை தேடுகின்றன. அவற்றுக்காகவே 2025-ல் சுமார் 525 ஹெக்டேர் பரப்பு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

அடுத்தமுறை போகும்போது காரைச் சாலையிலேயே நிறுத்துங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மணலில் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். எந்த இடம் தாங்கும், எந்த இடம் இழுக்கும் என்று கால் சொல்லும். அந்த ஓட்டுநர்கள் தினமும் படித்த பாடம் அதுதான்!