தாகம் தீராத துறைமுகம்

தூத்துக்குடியை முத்து நகரம் என்று சொல்லி மகிழ்வது நம்மவர் வழக்கம். அங்கே முத்துக்குளிப்பு 1961-ஆம் வருஷத்தோடு ஓய்ந்தது. இன்று அக்கரைக்குச் சோறு போடுவது வெயிலே. வருஷத்திற்குச் சராசரி சுமார் 65 செ.மீ. மழை; அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றில் வந்து போய்விடும். தெற்கே குதிரைமொழிப் பக்கம் செல்பவர் செம்மணல் தேரிகளைக் காண்பர். பாலைக்கு ராஜபுதனம் வரை போகவேண்டியதில்லை.

இத்தகைய வறண்ட கரையில் துறைமுகம் நிலைத்ததேன்? பாண்டியர் துறைமுகமான கொற்கையைத் தாமிரபரணியின் வண்டல் தூர்த்தது. இன்று கடல் அவ்வூரினின்று சில மைல் விலகிக் கிடக்கிறது. பின்னர்ப் பெயர்பெற்ற காயலுக்கும் அதே கதி. ஆற்றின் முகத்தினின்று விலகி, முயல் தீவின் மறைவில் இருந்த தூத்துக்குடியோ பிழைத்தது. ஆறு அருகில் இல்லாமை அதற்கு வாழ்வளித்தது. தாகத்தையும் அதுவே அளித்தது.

பழைய நகரம் பனிமய மாதா ஆலயத்தையும் கடற்கரையையும் ஒட்டி எழுந்தது. கரிசல் பூமியின் பருத்தி வந்திறங்கிய பெருந்தெரு அதன் பின்னே நீண்டது. 1876-இல் ரயிலும் வந்தது. 1906-இல் ஸ்ரீ சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது இவ்வூரிலேதான். கரையில் ஆழமில்லாததால் பெருங்கப்பல்கள் எட்ட நிற்க, தோணிகளே சரக்கைச் சுமந்தன. 1974-இல் புதிய துறைமுகம் நகருக்குத் தென்கிழக்கே அமைந்தது. அனல் மின்நிலையமும் ஆலைகளும் அதைச் சூழ்ந்தன. பழைய நகருக்கும் புதியதற்கும் நடுவே வெள்ளை வெளேரென உப்பளங்கள்.

நாட்டில் கூர்ஜரத்திற்கு அடுத்தபடி உப்பு விளைவது இங்கேதான். கிணற்று உவர்நீரைப் பாத்தியில் பாய்ச்சிக் காயவைத்து, கண் கூசும் வெயிலில் வாரிக் குவிக்கும் ஆண்களும் பெண்களும் மழை வந்தால் கூலியிழந்து வீட்டில் முடங்குவர். மழை பெய்ய வேண்டாமென்று நினைக்கும் ஏழைகளை வேறெங்கே காண்போம்!

ஆயினும் குடிக்க ஜலம் வேண்டுமே. அது தாமிரபரணியிலிருந்து வரவேண்டும். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து ஆலைகளுக்கென்று நாளொன்றுக்கு 2 கோடி காலன் கொண்டுசெல்லும் திட்டமும் வகுக்கப்பட்டது. கடைமடைப் பயிர் வாடுகையில் இது நியாயமா என்ற வழக்குப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. வழக்காடியோர் பக்கமே நியாயம் இருப்பதாக நாம் கருதுகிறோம். துபாய் போன்ற பாலை நகரங்கள் கடல்நீரைக் குடிநீராக்கியே வாழ்கின்றன. சென்னைக்காக மீஞ்சூரில் 2010-இலும் நெம்மேலியில் 2013-இலும் அவ்வகை ஆலைகள் அமைந்தன. கடலோரத்தில் நின்று லாபம் காணும் ஆலைகள் அச்செலவை ஏற்க ஏன் தயங்கவேண்டும்?

2023 டிசம்பரில் இக்கரையின் மற்றொரு முகத்தைக் கண்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிற்று. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. தூத்துக்குடித் தெருக்களில் நாட்கணக்கில் வெள்ளம் நின்றது. குவித்திருந்த உப்பும் கரைந்தது. ஆண்டெல்லாம் ஜலத்திற்கு ஏங்கும் நகரம், வந்த ஜலத்தைக் கடலுக்கு அனுப்பவும் வழியின்றித் தவித்தது. தாழ்ந்த நிலங்களில் மனைகள் பிரிக்க அனுமதிக்கும் அதிகாரிகள், பக்கிள் ஓடை போன்ற வடிகால்களைக் கால்நடையாகவே ஒருமுறை சுற்றிப்பார்த்த பின்னர்க் கையெழுத்திடுவார்களாக.