பருத்திமாரைக் கொளுத்த வேண்டாம்... கரியாக்குங்கள்!

அறுவடை முடிந்த பருத்திமாரை அப்படியே விட்டால் இளஞ்சிவப்பு காய்ப்புழு தங்கும். அதனால் பலர் வயலிலேயே கொளுத்துகிறார்கள். மிஞ்சுவது சாம்பல், கரிமம் புகையோடு போய்விடும். அதையே உயிர்க்கரியாக்கினால் புழுவும் அழியும், கரிமமும் நூறாண்டுக்கு மேல் மண்ணில் நிற்கும். மணற்பாங்கான நிலத்தில் ஈரமும் தங்கும்.

வாய் அகன்று அடி குறுகிய குழியில், நன்கு காய்ந்த மாரை அடுக்கி மேலிருந்து பற்றவைக்க வேண்டும். வெண்சாம்பல் படரத் தொடங்கியதும் அடுத்த அடுக்கைப் போட வேண்டும். குழி நிறைந்ததும் தண்ணீர் ஊற்றி முழுக்க அணைக்க வேண்டும். தாமதித்தால் கரி சாம்பலாகிவிடும்.

புதுக்கரியை நேரடியாக இட்டால் பயிருக்குரிய தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். மட்கிய தொழுவுரத்துடன் கலந்து, மாட்டுச் சிறுநீர் தெளித்து, இரண்டு வாரம் ஈரமாக வைத்திருந்து இடவும்.

உயிர்க்கரி பெரும்பாலும் காரத்தன்மை உடையது. களர் நிலத்துக்காரர்கள் மண் பரிசோதனை செய்த பிறகே இட வேண்டும்.