மலையகத்து நாணயங்கள் – 9: ஏலத்தில் எடுத்த வில்லை லயத்துக்கு வந்துசேரும் வழி

சென்ற இதழில் விவரிக்கப்பட்ட கோப்பி டோக்கன்கள், அதாவது சில்லறைக் காசுக்குத் தட்டுப்பாடு நிலவிய 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொழும்பின் கோப்பி ஆலைகள் தம் வேலையாட்களுக்குக் கூலிக்கு ஈடாகக் கொடுத்துப் பின்னர் பணமாக மாற்றிக்கொடுத்த உலோக வில்லைகள், இப்போது பெரும்பாலும் பிரித்தானிய ஏலங்களிலேயே விற்பனைக்கு வருகின்றன. வேகந்த ஆலையின் ஜோர்ஜ் ஸ்டூவர்ட் நிறுவனமும் புதுக்கடை ஆலைகளும் வெளியிட்ட இவ்வகை வில்லைகளை எச். டபிள்யூ. கொட்றிங்டன் 1924இல் வெளியான தமது இலங்கை நாணய நூலில் பதிவு செய்துள்ளார். மலையகத் தமிழரின் முன்னோர் பயிரிட்டுப் பறித்த கோப்பியின் எஞ்சிய சாட்சியங்களான இவற்றை ஹற்றனிலோ நுவரெலியாவிலோ இருந்தபடியே கைப்பேசியில் ஏலம் கேட்க முடிகிறது. ஆயினும் ஏலத்தில் வென்ற வில்லை கைக்கு வந்து சேர்வது தனி முயற்சியைக் கோருகிறது.

ஏலத்தொகைக்கு மேல் ஏல நிறுவனம் அறவிடும் வாங்குவோர் கட்டணம், பொதி கட்டும் கூலி, தபால் கட்டணம், காப்புறுதி ஆகியவை சேரும்போது, மலிவான வில்லைக்கு அதன் விலையைவிட அனுப்பும் செலவே மிகுந்துவிடுவதுண்டு. ஆதலால் ஒரே ஏலத்தில் எடுத்த பலவற்றை ஒரே பொதியாக அனுப்பக் கேட்பது நல்லது. நாணயங்களையும் விலைமதிப்புள்ள பொருட்களையும் சாதாரணக் கடிதத்தில் இட்டு அனுப்புவதை உலகத் தபால் ஒன்றியத்தின் விதிகள் தடுக்கின்றன. எனவே காப்புறுதி செய்த தபாலையும், அனுப்பும் நாடும் பெறும் நாடும் இடமளிக்குமாயின் பதிவுத் தபாலையும் நாட வேண்டும். பதிவுத் தபாலுக்கு ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி, ஒன்பது இலக்கங்களைக் கொண்டு, நாட்டின் குறியீட்டில் முடியும் 13 எழுத்துக் கண்காணிப்பு எண் தரப்படுகிறது. சுங்கப் படிவத்தில் உண்மையான விலையையே எழுதும்படி வாங்குபவர் வலியுறுத்த வேண்டும். வரியைக் குறைக்க விலையைக் குறைத்துக் காட்டுவது குற்றமாவதுடன், பொதி தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த தொகையோடு நின்றுவிடும்.

செம்புக்கு ஈரமே முதற்பகை என்பதால், மழையும் மூடுபனியும் விலகாத மலைநாட்டுக்கு வரும் வில்லை எந்த உறையில் வருகிறது என்பது விலையைப் போலவே கவனிக்கத்தக்கது. பிவிசி எனப்படும் மென்மையான பிளாஸ்டிக் உறை நாளடைவில் சிதைந்து அமிலத்தைக் கசியவிடுகையில், எழுத்துகளின் இடுக்குகளில் பசைபோன்ற பச்சைப் படலம் படிந்து உலோகத்தை அரிக்கிறது. பொலியெஸ்டர் உறையிலிட்டு, அசையாதவாறு இரு அட்டைகளுக்கிடையே ஒட்டி, அசைத்தால் காசின் ஓசை எழாதபடி கட்டி, வெளியே நாணய விற்பனையாளரின் பெயர் தெரியாமல் அனுப்பச் சொல்ல வேண்டும்.

கொழும்பு மத்திய தபால் பரிமாற்றகத்தில் சுங்கச் சோதனை முடிந்த பின்னரே மிகக் கடினமான கட்டம் தொடங்குகிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயன் அறைகளிற் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லாமையால், தபால் தோட்ட ஆபீசுக்குப் போய் அங்கிருந்தே வீடுகளுக்குப் பகிரப்படுவது நெடுங்கால வழக்கம். நேர்முகத் தேர்வுக் கடிதங்கள்கூடக் காலம் கடந்து கிடைக்கும் இவ்வேற்பாடு மலையக மக்களின் ஆறாத குறைகளில் ஒன்று. இங்கே 1901இல் நடைமுறைக்கு வந்த தகரச் சீட்டு நினைவுக்கு வராமல் இராது. தோட்டத்தின் எண்ணும் தொழிலாளியின் எண்ணும் பொறித்த அச்சிறு உலோக வில்லை, தென்னிந்தியாவிலிருந்து புறப்பட்டவர் எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதை வழிநெடுக அறிவித்தது. அவருடைய பயணச் செலவும் அந்த எண்ணைக் கொண்டே தோட்டக் கணக்கில் எழுதப்பட்டது. ஓர் ஆளைப் பிசகின்றிச் சேர்ப்பிக்க இத்தனை துல்லியமான முகவரியை அன்றே வகுத்துக்கொண்ட தோட்ட அமைப்பு, அந்த ஆளின் பேரப்பிள்ளைக்கு ஒரு கடிதம் வந்துசேர வீட்டு இலக்கம் வழங்காமல் ஒரு நூற்றாண்டைக் கடத்தியது பெரும் அநீதியாகும்.

இந்நிலை முற்றாக மாறும்வரை, தோட்டம், பிரிவு, லயத்தின் எண் ஆகியவற்றோடு அருகிலுள்ள உப தபாலகத்தின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் முகவரியில் எழுதச் செய்து, தபாலகத்திலேயே பொதியை வைத்திருக்கும்படி முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது பாதுகாப்பானது. மறுதிசையில், தோட்டத்து மண்ணில் கிடைத்த பழங்காசை வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்ப முனைபவர், தொல்பொருளை உரிமமின்றி நாட்டுக்கு வெளியே அனுப்புவதை 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் தடை செய்வதை அறிந்திருக்க வேண்டும்.

பொதியைப் பெறச் செல்பவர் தேசிய அடையாள அட்டையைக் கொண்டு செல்வதுடன், கையொப்பமிடுமுன் ஒட்டுநாடா பிரித்து ஒட்டப்பட்டுள்ளதா என்று பார்த்து, சுங்கப் படிவத்தில் எழுதியுள்ள எடையைத் தபாலகத் தராசில் ஒப்பிட்டு, வேறுபாடு காணப்பட்டால் அதை அங்கேயே எழுத்தில் பதிவு செய்விக்க வேண்டும்.