ஆன்லைனில் விற்கிறீர்களா? வாங்குபவர் நம்புவது எதை? காஞ்சிப் பட்டு சொல்லும் பாடம்

காஞ்சிபுரத்துக்கு நேரில் வந்து பட்டுப் புடவை எடுப்பவர், கடைக்காரர் சொல்வதை மட்டும் கேட்டுப் பணம் கொடுப்பதில்லை. கையில் எடுத்துக் கனம் பார்ப்பார். திருப்பிப் போட்டு, உடலும் கரையும் சேரும் கோர்வையைப் பார்ப்பார். கைபேசியில் வாங்குபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

செக்கு எண்ணெய், பாரம்பரிய அரிசி, மஞ்சள் தூள் என மதிப்புக்கூட்டி ஆன்லைனில் விற்கும் விவசாயிகளுக்கும் இதே சிக்கல்தான். கலப்படம் செய்பவரும் 'சுத்தமானது' என்றுதான் எழுதுகிறார். அப்படியானால் உங்கள் பொருளை எப்படி நம்ப வைப்பது? வாங்குபவர் தானே சரிபார்க்கக்கூடிய தகவலைக் கொடுப்பதுதான் வழி.

மூன்று முத்திரை, மூன்று பொருள்

விசைத்தறிப் புடவையும் கலப்பு நூல் புடவையும் 'காஞ்சிப் பட்டு' என்ற பெயரில் விற்கப்படுவது நெசவாளர்களின் நெடுநாள் வேதனை. இதைத் தடுக்க உதவும் முத்திரைகள் உள்ளன.

* புவிசார் குறியீடு: காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06ல் கிடைத்தது. பொருள் எந்த ஊர் மரபைச் சேர்ந்தது என்பதைச் சொல்கிறது.
* சில்க் மார்க்: மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004ல் வந்தது. தூய பட்டு என்பதற்கு மட்டுமே உறுதி. கைத்தறியா, விசைத்தறியா என்று சொல்லாது.
* கைத்தறி முத்திரை: 2006ல் அறிமுகமானது. கையால் நெய்தது என்று சொல்லும். நூல் பட்டா, பருத்தியா என்று சொல்லாது.

ஒரு முத்திரையை வைத்துக்கொண்டு மற்றதையும் சேர்த்துச் சொன்னால், விவரம் தெரிந்த வாடிக்கையாளர் உடனே விலகிவிடுவார்.

உங்கள் பொருளுக்கு எது தேவை?

உணவுப் பொருள் தயாரித்து விற்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு அவசியம். அதன் 14 இலக்க எண்ணை லேபிளிலும் விற்பனைப் பக்கத்திலும் போடுங்கள். ஆனால், அந்தப் பதிவு 'இயற்கை விளைபொருள்' என்பதற்குச் சான்று ஆகாது. அதற்கு பிஜிஎஸ் அல்லது என்பிஓபி சான்று வேண்டும். தமிழ்நாட்டில் விதைச்சான்று மற்றும் அங்ககச்சான்றுத் துறையை அணுகலாம். சான்று இல்லாதவர்கள் ரகம், ஊர், அறுவடை செய்த மாதம், ஆட்டிய தேதி ஆகியவற்றை உள்ளபடி எழுதினாலே போதும்.

சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு அரசு இணையதளத்தில் முற்றிலும் இலவசம். கட்டணம் கேட்கும் இடைத்தளங்களிடம் ஏமாறாதீர்கள்.

ஒரே பெயர், ஒரே முகவரி

கூகுள் மேப்பில் தொழில் பக்கமும், வாட்ஸ்அப் பிசினஸில் பொருள் பட்டியலும் இலவசமாகவே தொடங்கலாம். ஆனால் லேபிளில் ஒரு பெயர், பக்கத்தில் இன்னொரு பெயர், க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் உறவினர் பெயர் என்று இருந்தால், பணம் அனுப்ப வந்தவர் அங்கேயே நின்றுவிடுவார். தொழில் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி, எல்லா இடத்திலும் அதே பெயர், முகவரி, கைபேசி எண்ணைப் போடுங்கள்.

படமும் விலையும்

இணையத்தில் எடுத்த படம் வேண்டாம். பகல் வெளிச்சத்தில் நீங்களே எடுங்கள். புடவை என்றால் முன்பக்கம், பின்பக்கம், கோர்வை மூன்றையும் காட்டுங்கள். எண்ணெயில் அடியில் வண்டல் படியும், தீட்டாத அரிசி ஒரே நிறத்தில் இருக்காது என்பதை முன்பே சொல்லிவிட்டால், பின்னால் சண்டை வராது.

'விலைக்குத் தனியாகக் கேளுங்கள்' என்று போடாதீர்கள். ஆளுக்கு ஒரு விலை சொல்கிறார்களோ என்ற சந்தேகம் வரும். விலை, நிகர எடை, அனுப்பும் செலவு, திரும்பப் பெறும் விதி ஆகியவற்றை வெளிப்படையாக எழுதுங்கள்.

குறை சொன்னால்...

பாட்டில் உடைந்து போய்ச் சேர்ந்தது என்று ஒருவர் எழுதினால், அழிக்காமல் அதே இடத்தில் பதில் சொல்லுங்கள். மாற்றுப் பொருள் அனுப்பியதையும் எழுதுங்கள். உறவினர்களை வைத்துப் போடும் ஐந்து நட்சத்திரங்களைவிட, புதிதாக வருபவர் நம்புவது இந்தப் பதிலைத்தான்.

முதல் வேலையாக, வேறொருவர் கைபேசியில் உங்கள் தொழில் பெயரைத் தேடிப் பாருங்கள். முகவரியும் விலையும் பதிவு எண்ணும் இரண்டு நிமிடத்தில் கிடைக்கவில்லை என்றால், சரிசெய்ய வேண்டியது எது என்று தெரிந்துவிடும்.