உஷார்! மடிக்கம்பி பூட்டியதா என்று பார்த்தீர்களா?

சிரம்பான் தெமியாங்கில் பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் இங்கே பேச்செல்லாம் ஒன்றுதான்: சன்வே லகூனா, கெந்திங்கா? மலாக்கா பக்கம் அ'ஃபமோசா போகலாம் என்பார் ஒருவர். கைக்காசு குறைவென்றால் பெடாஸ் சுடுநீர் ஊற்று போதுமே என்பார் இன்னொருவர். எதற்கும் வழியில்லாத வீடுகளுக்கு, பாடாங்கில் நாலு நாளைக்குக் கொட்டகை போடும் ராட்டினக்காரர்கள் இருக்கிறார்கள். டிக்கெட் எவ்வளவு, பஸ்ஸுக்குத் தலைக்கு எத்தனை ரிங்கிட், நாசி லெமாக் எத்தனை பொட்டலம் என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். பிள்ளையின் மடிமேல் இறங்குகிற இரும்புக் கம்பி பூட்டியதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் உலகின் பல மூலைகளில் பிள்ளைகள் போயிருக்கிறார்கள்.

முதலில் நம் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளை பயப்படும் என்று அம்மாவோ மாமாவோ கூடவே ஒரே இருக்கையில் உட்காருகிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்பி. கம்பி கீழே வந்து பெரியவரின் தொடையில் முட்டியதும் நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் ஐந்து வயதுப் பிள்ளையின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. வண்டி மேலே ஏறி சட்டென்று கீழே விழும்போது, பிள்ளை அந்த இடைவெளியில் வழுக்கிக்கொண்டு இறங்கும். அம்மாவின் கை இறுக்கிப் பிடித்திருக்கிறதே என்கிறீர்களா? வேகமாகத் திரும்பும் வண்டியில் இருபது கிலோ பிள்ளையின் எடை இரண்டு மூன்று மடங்காகிக் கையை இழுக்கும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. ஒரே கம்பி என்றால் பிள்ளையை ஏற்றாதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கம்பி, தனி வார் இருக்கிற ராட்டினத்தில் மட்டும் ஏற்றுங்கள்.

உயரக் கோட்டை ஏமாற்றுவதும் இதே ஆபத்துதான். வாசலில் 120 சென்டிமீட்டர் என்று ஒரு பலகை இருக்கும். பிள்ளை ரெண்டு விரல் குறைவு. "அண்ணே, இவ்ளோ தூரம் வந்துட்டோம், விடுங்கண்ணே" என்று கெஞ்சுவது, கனமான செருப்பைப் போட்டு நிறுத்துவது, கொண்டையைத் தூக்கிக் கட்டுவது என்று எல்லாம் நடக்கிறது. அந்தக் கோடு பிள்ளையின் தைரியத்தை அளக்க வரைந்ததில்லை. கம்பி இடுப்பெலும்பில் போய் உட்கார வேண்டும். தோள்வார் தோளில் பதிய வேண்டும். முதுகு சாய்மானத்தில் படும்போது முழங்கால் இருக்கை விளிம்பில் மடிய வேண்டும். உடம்பு அந்த அளவுக்கு வளராவிட்டால் கம்பி வயிற்றில் அழுத்தும், அல்லது பிடிக்கவே பிடிக்காது. கெஞ்சலுக்கு இரங்கிக் கதவைத் திறந்துவிடும் பையன் நல்லவன் இல்லை. "முடியாது அக்கா" என்று முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு திருப்பி அனுப்புகிறானே, அவனுக்கு நன்றி சொல்லுங்கள்.

பெரிய உடம்புக்காரர்களுக்கும் இதே சட்டம்தான். 2022 மார்ச் 24 அன்று அமெரிக்காவின் ஆர்லாண்டோவில், நூறு மீட்டருக்கும் மேல் உயரமான கோபுரத்திலிருந்து இறங்கும் விளையாட்டில் 14 வயதுப் பையன் ஒருவன் இருக்கையிலிருந்து விழுந்து இறந்தான். அந்த விளையாட்டுக்கு விதித்திருந்த எடை வரம்பைவிட அவன் எடை கூடுதல். வார் சரியாக இறங்காவிட்டால் வண்டியைக் கிளம்பவிடாமல் தடுக்கும் சென்சாரை, அவன் அமர்ந்த இருக்கையில் கையால் மாற்றி வைத்திருந்தார்கள் என்று விசாரணையில் தெரிந்தது. இயந்திரம் "வேண்டாம்" என்று சொல்லும்படிதான் செய்திருந்தார்கள். அதன் வாயை மனிதர்கள் அடைத்தார்கள்.

இந்த விபத்துகளைப் படிக்கப் படிக்க எனக்கு வயிற்றைப் பிசைவது இதுதான்: முன்கூட்டியே ஏதோ ஒன்று எச்சரித்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் ட்ரீம்வேர்ல்ட் என்ற பூங்கா. 2016 அக்டோபர் 25. ரப்பர்த் தெப்பத்தில் உட்கார்ந்து வளைந்து வளைந்து போகும் சாதுவான விளையாட்டு, குடும்பத்தோடு ஏறுவது. தண்ணீர் தள்ளும் பம்பு அன்று காலையிலிருந்து இரண்டு முறை நின்றிருந்தது. ஒவ்வொரு முறையும் திருப்பிப் போட்டு ஓட்டினார்கள். மூன்றாம் முறை நின்றபோது தண்ணீர் மட்டம் விழுந்து ஒரு தெப்பம் தண்டவாளத்தில் சிக்கியது. பின்னால் வந்த தெப்பம் அதில் மோதியது. நான்கு பேர் இறந்தார்கள். தெப்பங்களை இழுத்துச் செல்லும் இயங்கும் பட்டையை உடனே நிறுத்தும் பொத்தான் ஊழியரின் அருகிலேயே இருந்தும், அது எதற்கு என்று அவருக்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. 2020இல் அந்த நிறுவனத்துக்கு 36 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தார்கள். போன உயிருக்கு அது என்ன ஈடு?

அதனால் சொல்கிறேன். ஒரு ராட்டினம் நீங்கள் வரிசையில் நிற்கும்போதே ஒரு முறை நின்று மறுபடி ஓடினால், வரிசையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஒரு மணி நேரம் காத்திருந்தோமே என்று மனசு அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளட்டும். இருக்கையில் வார் அறுந்திருந்தாலோ, "அந்த சீட்டு வேணாம், இதுல உக்காருங்க" என்று பாதி இருக்கைகளைக் கயிறு கட்டி மூடியிருந்தாலோ, கம்பி இறங்கியபின் ஊழியர் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்காமல் தூரத்திலிருந்தே கட்டைவிரலைக் காட்டினாலோ, கூச்சப்படாமல் இறங்கிவிடுங்கள்.

இந்தியாவிலும் இந்தக் கணக்கு நீளமானது. 2012 ஏப்ரலில் சென்னை பூந்தமல்லி அருகே ஒரு பூங்காவில் ஆக்டோபஸ் ராட்டினத்திலிருந்து விழுந்து ஓர் இளம்பெண் இறந்தார். 2016 மே மாதம் தாம்பரம் பக்கத்துக் கிஷ்கிந்தாவில், கோடைக் கூட்டத்துக்குமுன் ராட்டினத்தை ஓட்டிப் பார்த்தபோதே அது சரிந்து ஊழியர் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயப்பட்டார்கள். அகமதாபாத்தின் காங்கரியா ஏரிப் பூங்காவில் 2019 ஜூலை 14 அன்று ஊசலாடும் ராட்டினம் அப்படியே முறிந்து விழுந்ததில் இரண்டு பேர் இறந்தார்கள். 2025 மே 27 அன்று சென்னை ஈசிஆரில் வி.ஜி.பி. பூங்காவில் 30க்கும் மேற்பட்டோர் உயரத்தில் மாட்டிக்கொண்டு, தீயணைப்புப் படையின் ஏணி வரும்வரை பல மணி நேரம் அந்தரத்தில் தவித்தார்கள். நல்லவேளை, அன்று யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: மேலே நின்றுவிட்டால் கம்பியைத் தள்ளக் கூடாது, எழக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது. சும்மா உட்கார்ந்திருந்தால் யாராவது வந்து இறக்குவார்கள்.

இனி பாடாங் ராட்டினம். எனக்கு அதிகக் கவலை இதில்தான். பெரிய பூங்காவின் இயந்திரம் சிமெண்ட் அடித்தளத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. இதுவோ லாரியில் வந்து, ராத்திரியோடு ராத்திரியாகப் பூட்டி, நாலு நாளில் கழற்றி, அடுத்த ஊரில் மறுபடி பூட்டப்படுவது. ஒவ்வொரு முறை பூட்டும்போதும் ஒரு முள்ளாணியை விட்டுவிட, ஒரு போல்ட்டைப் பாதி முறுக்கிவிட வாய்ப்பு. நம் ஊரில் சாயங்காலம் ஒரு மழை கொட்டினால் செம்மண் பாடாங் குழைந்துவிடும். ராட்டினத்தின் கால்களுக்கடியில் பலகைத் துண்டுகளை முட்டுக் கொடுத்திருப்பார்கள். அவை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். மோட்டார் ஜெனரேட்டரிலிருந்து வரும் வயர் ஈரப்புல்லில் தேய்ந்து கிடந்தால் பிள்ளையை அந்தப் பக்கமே நடத்தாதீர்கள். ஊராட்சி மன்ற அனுமதி எங்கே ஒட்டியிருக்கிறது என்று தவுக்கேயிடம் கேளுங்கள். கேட்டால் அவர் முகம் சுளிக்கலாம். சிரம்பான் மாநகராட்சிக்கு ஒரு போன் போட்டால் போதும், சுளித்த முகம் நேராகும்.

காற்றடைத்த கோட்டை ஆபத்தில்லாதது என்று நினைத்துக் கைக்குழந்தையைக்கூட உள்ளே விடுகிறோம். 2021 டிசம்பர் 16 அன்று டாஸ்மேனியாவின் டெவன்போர்ட்டில் பள்ளிக்கூட விழாவில் ஒரே ஒரு பலத்த காற்று அப்படிப்பட்ட கோட்டையைத் தூக்கியது. ஆறு பிள்ளைகள் இறந்தார்கள். நான்கு மூலையும் தரையில் ஆழமாக ஆணியடித்துக் கட்டப்படாத கோட்டையில் நம் பிள்ளைக்கு வேலையில்லை. காற்று கிளம்பினால் உடனே இறக்குங்கள்.

பெண்களே, அக்காமார்களே, உங்களுக்குத் தனியாக ஒரு சொல். துப்பட்டா, தளரப் பின்னிய ஜடை, பூச்சரம், நீண்ட தாலிச் சங்கிலி, இவை எதுவும் சுழலும் இயந்திரத்தின் பக்கம் போகக் கூடாது. கோ-கார்ட் வண்டியின் பின்சக்கரம் உங்கள் முதுகுக்கு ஒரு முழம்கூடத் தள்ளி இல்லை. 2018இல் ஹரியானாவின் பிஞ்சோர் தோட்டத்தில் ஒரு பெண்ணும், 2020 அக்டோபரில் ஹைதராபாத்தில் ஒரு கல்லூரி மாணவியும் முடி சக்கரத்தில் சிக்கி இறந்தார்கள். ஜடையைச் சுருட்டிக் கட்டி, சட்டைக்குள் செருகி, துப்பட்டாவை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கர்ப்பிணிகளும், ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்களும், "சும்மா ஒரு தடவை" என்று வற்புறுத்தும் மருமகப் பிள்ளைகளிடம் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

தண்ணீர்ப் பூங்காவில் கூச்சலை வைத்துப் பிள்ளையைக் கண்காணிக்க முடியாது. மூழ்குகிற குழந்தை கத்தாது, கையை ஆட்டாது. வாய் தண்ணீருக்குள் போய்ப் போய் வருவதால் கத்த மூச்சு கிடையாது. ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். 2021இல் மட்டும் உலகில் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. பத்துப் பெரியவர்கள் கரையில் உட்கார்ந்திருந்தாலும் "அவர் பாத்துக்குவார்" என்று பத்துப் பேரும் நினைத்தால் யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். ஆள் மாற்றி ஆள், இந்த அரை மணி நேரம் இவர் என்று பேர் சொல்லி ஒப்படையுங்கள். அவர் கையில் போன் இருக்கக் கூடாது. அலைக்குளத்தில் பிள்ளை கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். சீனாவின் ஜிலின் மாநிலத்தில் 2019 ஜூலையில் அலை இயந்திரம் கெட்டுப்போய் எழுப்பிய ஒரே பேரலையில் 44 பேர் காயப்பட்டார்கள். சறுக்குக் குழாயில் நாலு பேர் சங்கிலி கோத்துக்கொண்டு இறங்குவதை நம் பையன்கள் வீரம் என்று நினைக்கிறார்கள். கீழே முதல் ஆள் இன்னும் எழுந்திருக்க மாட்டான்; மேலே விழுபவரின் முழங்கால் அவன் கழுத்தில் இறங்கும்.

வெயில் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று நாள் தொடர்ந்து 35 பாகையைத் தாண்டினால் வானிலை இலாகாவே எச்சரிக்கிறது. 2024 பிப்ரவரியில் பகாங்கில் 22 வயது இளைஞர் வெப்பத் தாக்கத்தில் இறந்தார். தண்ணீரில் ஊறுகிற பிள்ளைக்குத் தாகம் தெரியாது, நீங்கள்தான் கூப்பிட்டுக் குடிக்க வைக்க வேண்டும். மத்தியானம் கழிந்து இடி முழங்கினால் மட்டும் ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள். குளத்தை விட்டு, உயரமான ராட்டினத்தையும் மரத்தடியையும் விட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வாருங்கள்.

பூங்கா வாசலைத் தாண்டியதும் ஆபத்து முடிந்தது என்று எல்லாரும் கண்ணயர்கிறோம். 2013 ஆகஸ்ட் 21 அன்று கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பஸ், சின் சுவீ கோயிலுக்கு அருகே பள்ளத்தில் பாய்ந்தது. 53 பேர் இருந்த வண்டியில் 37 பேர் இறந்தார்கள். 2025 ஜூன் 9 அன்று கெரிக் அருகே கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் வாடகைப் பஸ் கவிழ்ந்து உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் போனார்கள். அதன்பின் ஜூலை 1 முதல் விரைவுப் பஸ்ஸிலும் சுற்றுலாப் பஸ்ஸிலும் பெல்ட் போடாத பயணிக்கும் 300 ரிங்கிட் அபராதம் என்றாகிவிட்டது. 2020 ஜனவரி 1க்குப் பிறகு தயாரான வண்டிகளில் பெல்ட் இருந்தே ஆக வேண்டும்.

கோயில் கமிட்டியோ தாமான் சங்கமோ பஸ் பேசும்போது, தலைக்கு ஐந்து ரிங்கிட் குறைகிறது என்று பழைய வண்டிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். எந்த ஆண்டு வண்டி, எத்தனை இருக்கையில் பெல்ட் வேலை செய்கிறது, காலை ஐந்து மணிக்கு நம்மை ஏற்றிப்போன அதே டிரைவர்தான் ராத்திரி பத்து மணிக்கும் ஓட்டப்போகிறாரா என்று முன்பணம் கொடுக்கும் முன்னாலேயே கேளுங்கள். மலையிறக்கத்தில் கீழ் கியரில் மெதுவாக இறங்கச் சொல்லுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகிய வாடை வந்தால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, எல்லாரும் இறங்கிவிட்டு 999க்கு அழையுங்கள். வேறு பஸ் வரும்வரை ரோட்டோரம் இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளோடு நில்லுங்கள்.