திப்புவின் நூலகமும் நம் வீட்டுப் பரணும்: சிதறிய ஏடுகளைத் தகவலால் ஒன்றுசேர்ப்பது எப்படி?

நாகரசம்பட்டியோ, காவேரிப்பட்டணமோ, ஓசூரோ, எந்த ஊராக இருந்தாலும் பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது பரணிலிருந்து ஒரு துணி மூட்டை இறங்குவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். உள்ளே கரையான் அரித்த கிதாபுகள், உருதுக் கடிதங்கள், முத்திரை பதித்த பழைய பத்திரம், நான்கைந்து செப்புக் காசுகள். வீட்டில் அவற்றை வாசிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. இறைவசனம் இருக்குமோ என்ற பேணுதலில் ஏடுகளை மண்ணில் அடக்கம் செய்கிறோம். காசுகள் பழைய சாமான் கடைக்குப் போகின்றன.

ஏட்டுக்குக் காட்டும் மரியாதை சரியானதுதான். ஆனால் அதில் என்ன எழுதியிருந்தது, யார் எழுதினார், எந்த ஊரில் எழுதினார் என்று ஒரு வரிகூடக் குறித்து வைக்காமல் அடக்கம் செய்துவிடுகிறோம். அந்த ஒரு வரிக்கு இன்று எவ்வளவு மதிப்பு என்பதைப் புரிந்துகொள்ள, நம் வட்டாரத்தோடு தொடர்புள்ள ஒரு பெரிய நூலகத்தின் கதையைப் பார்ப்போம்.

சிதறிப்போன நூலகம்

இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பகுதிகளுக்கு அன்று பாராமகால் என்று பெயர். ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்த இந்தப் பகுதி, 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1799 மே 4 அன்று திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கொல்லப்பட்டார். அரண்மனையிலிருந்த சுமார் 2,000 கையெழுத்து நூல்களும் கம்பெனியின் வசமாயின. அரபு, பாரசீகம், தக்னி உருது எனப் பல மொழிகளில் ஹதீஸ், ஃபிக்ஹ், தஸவ்வுஃப், மருத்துவம், வரலாறு, கவிதை என்று எல்லாத் துறை நூல்களும் அதில் இருந்தன.

அவற்றில் பெரும்பகுதி கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரிக்குப் போனது. பின்னர் ஒரு பகுதி அங்குள்ள ஏசியாட்டிக் சொசைட்டிக்கும், இன்னொரு பகுதி லண்டனிலிருந்த கம்பெனி நூலகத்துக்கும் பிரிந்தது. லண்டன் பகுதி இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் சில நூல்கள் சென்றன. திப்பு தம் கைப்பட எழுதிய கனவுக் குறிப்பேடு பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. அவருடைய மரப்புலி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும், சிம்மாசனத்தின் தங்கப் புலித்தலை விண்ட்ஸர் அரச மாளிகையிலும், கூடாரம் வேல்ஸின் பவிஸ் கோட்டையிலும் இருக்கின்றன.

1809இல் சார்ல்ஸ் ஸ்டூவர்ட் என்ற பேராசிரியர் இந்த நூலகத்துக்கு ஒரு விளக்கப் பட்டியல் வெளியிட்டார். நூல்களில் மிகச் சிலவே விலைக்கு வாங்கப்பட்டவை என்றும், பெரும்பாலானவை சவனூர், கடப்பா, கர்நாடகப் பகுதிகளிலிருந்து போரில் வந்தவை என்றும் அவர் எழுதுகிறார். ஆக, இந்த நூல்கள் ஒரு முறைக்கு மேல் இடம் மாறியவை. திப்புவின் காலத்தில் மறுபடி கட்டப்பட்ட நூல்களின் தோல் அட்டையில் மேலே 'சர்க்காரே குதாதாத்' என்றும் கீழே 'அல்லாஹ் காஃபீ' என்றும் பதித்திருப்பார்கள். ஒரு நூல் எங்கே போனாலும் அந்த அட்டையைக் கண்டவர் இது எந்த நூலகத்துடையது என்று சொல்லிவிடலாம்.

அட்டை கிழிந்துவிட்டால்? மாற்றிக் கட்டிவிட்டால்? அப்போது அந்த நூல் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லப் பட்டியலில் உள்ள குறிப்பு மட்டுமே மிஞ்சும்.

ஒரே ஆள், பத்துப் பெயர்

அந்தப் பட்டியல்களோ தனித்தனியாகக் கிடக்கின்றன. ஒன்றில் 'டிப்பூ', மற்றொன்றில் 'டீப்பு', தமிழில் 'திப்பு', உருதுவில் 'டீபூ'. நம் கிருஷ்ணகிரியைப் பழைய ஆங்கில ஆவணங்களில் 'கிஸ்ட்னகெரி' என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு எழுத்தைப் போட்டுத் தேடினால் மற்ற எழுத்தில் இருப்பது கிடைக்காது.

எதிர்ச் சிக்கலும் உண்டு. 'ஃபத்ஹுல் முஜாஹிதீன்' என்பது ஸைனுல் ஆபிதீன் ஷூஸ்தரி திப்புவுக்காகப் பாரசீகத்தில் தொகுத்த படைப்பயிற்சி நூல். 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்பது 16ஆம் நூற்றாண்டில் மலபாரில் ஸைனுத்தீன் மக்தூம் அரபியில் எழுதிய வரலாற்று நூல். தலைப்பும் நெருக்கம், ஆசிரியர் பெயரும் நெருக்கம். அவசரத்தில் இரண்டையும் ஒன்றாகப் பதிந்துவிட்டால் ஒரு நூல் காணாமலே போய்விடும்.

இது நம் முன்னோர்களுக்குப் புதிய சிக்கல் அல்ல. ஹதீஸ் அறிவிப்பாளர்களில் ஒரே பெயர் கொண்டவர்கள் ஏராளம். இவர் எந்த அப்துல்லாஹ் என்பதைத் தந்தை பெயர், ஊர், ஆசிரியர், மாணவர், வஃபாத் ஆண்டு ஆகியவற்றைக் கொண்டு இமாம்கள் பிரித்தறிந்தார்கள். ஹிஜ்ரி 463இல் மறைந்த கதீப் அல்பக்தாதீ, பெயர் ஒன்றாகவும் ஆள் வேறாகவும் உள்ள அறிவிப்பாளர்களுக்காகவே 'அல்முத்தஃபிக் வல்முஃப்தரிக்' என்ற தனி நூலை எழுதினார். அருங்காட்சியகங்களும் நூலகங்களும் இன்று கணினியில் செய்ய முயல்வதும் இதே வேலைதான்.

இணைப்பு எப்படி வேலை செய்கிறது?

உங்கள் மாமாவின் எண்ணை நீங்கள் 'மாமா' என்றும், அவர் மகன் 'அத்தா' என்றும், கடைக்காரர் 'ஹாஜியார்' என்றும் செல்போனில் பதிந்திருப்பீர்கள். யார் அழைத்தாலும் மணி அடிப்பது ஒரே போனில்தான். பெயர் வேறானாலும் எண் ஒன்று.

நூலகத் தகவலுக்கும் அப்படித்தான். ஒவ்வொரு மனிதர், ஊர், நூல், பொருளுக்கும் மாறாத அடையாள எண் ஒன்று தரப்படுகிறது. கல்கத்தாப் பட்டியலும் லண்டன் பட்டியலும் தங்கள் பதிவில் அந்த எண்ணைச் சேர்த்துவிட்டால், எந்த எழுத்தில் தேடினாலும் இரண்டும் சேர்ந்து வரும். யார், என்ன, எப்போது, எங்கே, யாரிடமிருந்து என்ற விவரங்களை எல்லோரும் ஒரே வரிசையில் எழுதுவதும் இதற்குத் தேவை. வலைத் தொழில்நுட்பத்தை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2006இல் இதற்கான எளிய விதிகளை எழுதினார். 'இணைத்த தரவு' என்று இதைச் சொல்கிறார்கள்.

ஐரோப்பிய அருங்காட்சியகங்களையும் நூலகங்களையும் ஒரே தேடலில் கொண்டுவரும் 'யூரோப்பியானா' 2008இல் தொடங்கியது. 2012இல் தொடங்கிய 'விக்கிதரவு' தளத்தில் எவரும் ஓர் ஊருக்கோ நூலுக்கோ தமிழ்ப் பெயரைச் சேர்க்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், பிரிட்டிஷ் நூலகம் முதலியவற்றின் அரபு, பாரசீகக் கையெழுத்து நூல்களுக்கு 'ஃபிஹ்ரிஸ்த்' என்ற கூட்டுப் பட்டியல் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் இப்னு நதீம் தொகுத்த புகழ்பெற்ற நூற்பட்டியலின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள்.

இந்தியாவில் தேசியக் கையெழுத்துப் பிரதிகள் இயக்கம் 2003இல் தொடங்கப்பட்டது. புனேயிலுள்ள சி-டாக் உருவாக்கிய 'ஜதன்' மென்பொருளைக் கொண்டு தேசிய அருங்காட்சியகங்களின் பொருள்கள் இணையத்தில் ஏற்றப்பட்டன. ஒரு கோடிக்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகளைக் கணக்கெடுத்துக் காக்க 'ஞான பாரதம்' திட்டம் 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. இலங்கைத் தமிழ்ப் பேசும் மக்களின் நூல்களை, முஸ்லிம்களின் நூல்கள் உட்பட, 2005 முதல் 'நூலகம்' தளம் இலவசமாகத் தந்துவருகிறது.

தகவலை இணைத்துவிட்டால் பொருள் திரும்பி வந்துவிடாது. யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கும். ஆனால் எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல் இல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

ஒரு தேதி தவறினால்

தகவலைச் சரியாக எழுதுவது ஏன் முக்கியம் என்பதற்குத் திப்புவின் காசே சாட்சி. அவர் தம் ஆட்சியில் 'மவ்லூதி' என்ற புதிய ஆண்டுக் கணக்கைக் கொண்டுவந்தார். அது ஹிஜ்ரியைவிடப் பழைய தொடக்கம் கொண்டது. இலக்கங்களும் வலமிருந்து இடமாக எழுதப்பட்டன. அப்படிப்பட்ட காசில் 1226 என்று இருந்தால் அது கி.பி. 1798-99. அதை ஹிஜ்ரி என்று நினைத்து மாற்றினால் 1811 என்று வரும். திப்பு ஷஹீதாகிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் காசு அடித்ததாக ஆகிவிடும்! ஒரு பட்டியலில் நுழைந்த இந்தப் பிழை, இணைப்பு வந்தபின் எல்லாப் பட்டியல்களுக்கும் பரவும். அதனால்தான் கண்டதைக் கண்டபடி எழுதிவிட்டு, நம் கணக்கைத் தனியாக எழுத வேண்டும்.

அரபுத் தமிழ் கிதாபுகளுக்கும் இந்த ஆபத்து உண்டு. எழுத்து அரபு, மொழி தமிழ். எழுத்தை மட்டும் பார்த்து 'அரபு நூல்' என்று பதிந்துவிட்டால், தமிழ் நூல்களைத் தேடுபவர் கண்ணில் அது ஒருபோதும் படாது.

நம் வீட்டில் செய்ய வேண்டியவை

1. மூட்டையைப் பிரித்ததும் எதையும் அப்புறப்படுத்த வேண்டாம். நல்ல பகல் வெளிச்சத்தில் செல்போனில் படம் எடுங்கள்: அட்டை, முதல் பக்கம், கடைசிப் பக்கம், முத்திரை, ஓரக் குறிப்புகள். எழுதியவர் பெயரும் ஆண்டும் பெரும்பாலும் 'தம்மத்' என்று முடியும் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும்.

2. ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்த வீடு, எந்த ஊர், யாருடைய பாட்டனார் வழி வந்தது, எந்த எழுத்து, எந்த மொழி, நீளம் அகலம், எத்தனை ஏடு. பெயரோடு தந்தை பெயரையும் சேருங்கள். ஆண்டை உள்ளபடியே எழுதுங்கள்.

3. செலோடேப் ஒட்டுவதும், லேமினேட் செய்வதும் ஏட்டைக் கெடுக்கும். காசுகளைப் புளியோ அமிலமோ போட்டுத் தேய்க்க வேண்டாம். பழைய அட்டையைக் கழற்றி எறிய வேண்டாம்.

4. வாசிக்கத் தெரிந்த ஆலிமிடமோ உருது ஆசிரியரிடமோ படங்களைக் காட்டுங்கள். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் விசாரிக்கலாம். படத்தைப் பகிர்ந்தாலும் ஏடு உங்களிடமே இருக்கலாம்.

5. எல்லாவற்றையும் பொதுவில் போட வேண்டாம். உயிரோடு இருப்பவர்களின் விவரம், நிலத் தகராறு உள்ள பத்திரம், குடும்பக் கடிதம் ஆகியவற்றைக் குடும்பத்தாரின் சம்மதமின்றி இணையத்தில் ஏற்றக் கூடாது. அச்சு நூலானால், ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை உண்டு.

இத்தனையும் செய்த பிறகும் ஏடு உதிர்ந்துபோகும் நிலையில் இருந்தால், வழக்கப்படி கண்ணியமாக அடக்கம் செய்யலாம். ஏடு மண்ணுக்குள் போனாலும் எழுதியவரின் பெயர் வெளியே இருக்கும்.

திப்புவின் நூலகத்துக்கு ஸ்டூவர்ட் பட்டியல் எழுதினார். நாகரசம்பட்டியின் பரணில் இருப்பதை எழுத வெளியிலிருந்து யாரும் வரப்போவதில்லை. ஜமாஅத்தில் இரண்டு மூன்று இளைஞர்கள், ஒரு நோட்டு, ஒரு செல்போன் இருந்தால் வரும் விடுமுறையிலேயே தொடங்கிவிடலாம், இன்ஷா அல்லாஹ்.